நிற்காத தம்புரா: ஒரு ஹெட்போன், இரண்டு பெட்டி, ஒரு பச்சை ஒயர்

கச்சேரி முடிந்துவிட்டது. மங்களம் பாடியாயிற்று, கைதட்டல் ஓய்ந்தது, பதிவு செய்தவர் மைக்கைத் தொட்ட 'டொக்' சத்தமும் கேட்டது. தம்புரா மட்டும் நிற்கவில்லை.

முதலில் எனக்கு அது தப்பாகப் படவில்லை. மேடையில் தம்புரா போடுபவர்தான் கடைசியாகக் கையை எடுப்பார். பத்து விநாடி ஆயிற்று, இருபது விநாடி ஆயிற்று. திரையைப் பார்த்தால் பிளேயர் எப்போதோ நின்றுவிட்டிருக்கிறது. ஹெட்போனைக் கழற்றினால் மின்விசிறிச் சத்தம். மாட்டினால் ஸா, பா, ஸா. அதுவும் 5 கட்டை சுருதிக்குக் கொஞ்சம் மேலே, லேசான பிசிறோடு.

அப்போதுதான் உறைத்தது. நான் ஒரு வாரமாகத் தம்புரா என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்ததில் பாதி, சுவருக்குள்ளிருந்து வந்த கரண்ட். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அது ஆம்புக்குள், அதாவது ஒலியைப் பெருக்கும் பெட்டிக்குள், ஒழுகினால் தனியாக வராது. 100, 150, 200 என்று தன் மடங்குகளையும் இழுத்துக்கொண்டு வரும். 100-க்கு 150 என்பது இரண்டுக்கு மூன்று, அதாவது ஸட்ஜத்துக்குப் பஞ்சமம். 200 மேல் ஸட்ஜம். 5 கட்டையில் பாடுபவரின் ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ், அதன் மந்திர ஸ்தாயி 98. நூறோடு ஒட்டி உரசிக்கொண்டு நிற்கிறது. பெண் குரல் கச்சேரிக்குள் ஒளிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான வேஷம் கிடையாது. வேறு கட்டையில் பாடுபவரைக் கேட்டிருந்தால் முதல் நாளே பிடித்திருப்பேன்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன்.

ஹெட்போன் நண்பன் ஒருவன் கொடுத்தது. குறும்பட எடிட்டிங் செய்துகொண்டிருந்தவன், வேலை மாறியதும் பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டான். 250 ஓம் மின்தடை உள்ள மாடல். மூடாத பின்புறம், சாம்பல் நிற வெல்வெட் மாதிரியான காது மெத்தை, பழைய டெலிபோன் ஒயர் போலச் சுருள் சுருளான கேபிள். கொடுக்கும்போதே சொன்னான்: "டேய், இதை நேரா கம்ப்யூட்டர்ல சொருகிட்டு சத்தம் வரலன்னு எனக்கு போன் பண்ணாத."

நேராகக் கம்ப்யூட்டரில்தான் சொருகினேன். சத்தம் வராமல் இல்லை. வால்யூம் நூறில் வைத்தால் புதிய சினிமாப் பாட்டுகள் தாராளமாகக் கேட்டன. கச்சேரிப் பதிவுகள்தான் பக்கத்து வீட்டு ரேடியோ போல இருந்தன. அதோடு ஒரு விநோதம்: மவுஸை நகர்த்தினால் காதில் 'கிர்ர்ர்' என்று எறும்பு ஊர்ந்தது. மதர்போர்டின் ஒலிச் சிப் பக்கத்திலேயே பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் உட்கார்ந்திருக்கும்போது, அவற்றின் சலசலப்பு உள்ளே வரத்தான் செய்யும். இது ஒன்றுக்காகவே ஒலியை யூஎஸ்பி வழியாக வெளியே எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். டாக் என்கிற பெட்டிக்கு நான் கொடுக்கும் மரியாதை அவ்வளவுதான். எண்களை மின்னழுத்தமாக மாற்றும் வேலையை இன்று வரும் சாதாரணச் சிப்பே என் காது பிடிக்க முடியாத அளவுக்குச் சுத்தமாகச் செய்துவிடுகிறது. 384 கிலோஹெர்ட்ஸ் என்று அட்டையில் போட்டிருந்ததைப் பார்த்து நான் வாங்கவில்லை. நாற்பதைத் தாண்டிய என் காது 15 கிலோஹெர்ட்ஸிலேயே கதவைச் சாத்திவிடுகிறது.

ஆம்ப் விஷயம் வேறு. அதில் கணக்கு இருக்கிறது. வாங்குவதற்கு முன் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

டிடி 990 ப்ரோவின் தாளில் 250 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் என்று இருக்கிறது. 250 ஓமில் 1 மில்லிவாட் செலவாக வேண்டுமென்றால் சரியாக அரை வோல்ட் தேவை. மனக்கணக்குக்கு வசதியான ஹெட்போன். அரை வோல்ட்டுக்கு 96. வோல்ட் இரட்டித்தால் 6 டெசிபல் கூடும். ஆகவே 1 வோல்ட்டுக்கு 102, 2 வோல்ட்டுக்கு 108. உச்சத்தில் 110 டெசிபல் எட்டினால் யாருக்கும் போதும் என்று வைத்துக்கொண்டால் இரண்டரை வோல்ட். அந்த நேரத்தில் ஓடும் மின்னோட்டம் வெறும் 10 மில்லியாம்பியர்.

110 என்றதும் காது கிழியுமே என்று தோன்றும். இது பாட்டின் உச்சிக்கு, அதாவது தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் ஒரே ஒரு அடிக்கு. சராசரி அதற்கு 20 டெசிபல் கீழேதான் ஓடும். கச்சேரிப் பதிவுகளில் இன்னும் மோசம். பதிவு செய்பவர்கள் பயந்து பயந்து அளவைத் தாழ்த்தியே வைத்திருப்பார்கள். முழு அளவில் கால்வாசிகூட அலை எழும்பாது. அங்கேயே 12 டெசிபல் போய்விடுகிறது.

சரி, என் கம்ப்யூட்டர் எவ்வளவு தருகிறது? இதற்கு ஊகம் வேண்டாம், அளந்துவிடலாம் என்று ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு ஸ்டீரியோ பிளக்கும் 33 ஓம் ரெசிஸ்டர் இரண்டும் வாங்கி வந்தேன். ஆரஞ்சு, ஆரஞ்சு, கறுப்பு. கடைக்காரர் பத்துக்குக் குறைத்துத் தரமாட்டேன் என்றதால் மீதி எட்டு இன்னும் மேஜை டிராயரில் இருக்கிறது. பிளக்கின் நுனிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே ஒன்று, நடு வளையத்துக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே ஒன்று, ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். ஹெட்போனுக்குப் பதிலாக வேலை செய்யும் பொம்மைச் சுமை. செய்ய இருபது நிமிடம். அதில் பதினைந்து நிமிடம் பிளக்கின் மூடியை முதலிலேயே ஒயருக்குள் கோக்க மறந்து, எல்லாவற்றையும் பிரித்து மறுபடி வைத்தது. இந்தத் தப்பை இருபது வருஷமாகச் செய்கிறேன்.

அளக்கும் முறை இதுதான். 100 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஓடவிட்டு, ஜாக்கில் சுமை எதுவும் இல்லாமல் ஒரு முறை வோல்ட் பார்க்க வேண்டும், சுமையை மாட்டி ஒரு முறை. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து, 1-ஐக் கழித்து, 33-ஆல் பெருக்கினால் ஜாக்கின் உள்ளே ஒளிந்திருக்கும் ஓம் கிடைத்துவிடும். 1000 ஹெர்ட்ஸில் அளக்காதீர்கள். சாதாரண மல்டிமீட்டர் 400-ஐத் தாண்டினாலே கண்டபடி காட்டும். இன்னொன்று, இருநூறு முந்நூறு ரூபாய் மஞ்சள் மீட்டரில் ஏசி அளவே 200 வோல்ட்டில்தான் தொடங்கும். அதில் 1 வோல்ட் தெரியாது. 2 வோல்ட் ஏசி அளவு உள்ள மீட்டர் வேண்டும்.

என் கேபினெட்டின் முன்பக்க ஜாக்: சும்மா இருக்கும்போது 1.02 வோல்ட், சுமையோடு 0.31. கணக்குப் போட்டால் 75 ஓம் சொச்சம். முன்பக்க ஜாக்குகளில் யாராவது ஷார்ட் செய்துவிட்டால் சிப் புகையாமல் இருக்க இப்படி ஒரு ரெசிஸ்டரைத் தொடரில் போட்டிருப்பது வழக்கம்தான். ஆகக்கூடி என் 250 ஓம் ஹெட்போனுக்குப் போய்ச் சேர்ந்தது முக்கால் வோல்ட். உச்சத்தில் 100 டெசிபல். கச்சேரிப் பதிவின் 12-ஐயும் சராசரிக்கான 20-ஐயும் கழித்தால் 68. மின்விசிறி ஓடும் சென்னை அறையில், பின்புறம் திறந்த ஹெட்போனில், அது பக்கத்து வீட்டு ரேடியோதான்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தைச் சொல்லியாக வேண்டும். ஓம் அதிகம் என்றால் ஓட்டக் கஷ்டம், ஓம் குறைவு என்றால் சுலபம் என்று நானே பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஹெட்போன் கொடுத்த அதே நண்பன் இப்போது வைத்திருப்பது ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ. பிளேனர் வகை, 25 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 91 டெசிபல். "இருபத்தஞ்சு ஓம்தான்டா, போன்லயே ஓடும்" என்பான். என் முன்பக்க ஜாக்கில் அதை மாட்டினால் 75 ஓம் ரெசிஸ்டரே முக்கால் பங்கைத் தின்றுவிட்டுக் கால் வோல்ட்டைத்தான் விடும். அதற்கு 95 டெசிபல். அதாவது 'சுலபமான' 25 ஓம் ஹெட்போன், 'கஷ்டமான' 250 ஓமைவிட 5 டெசிபல் மெதுவாகப் பாடும். அதை 110-க்குக் கொண்டுவர 1.4 வோல்ட் போதும், ஆனால் மின்னோட்டம் 56 மில்லியாம்பியர், என்னுடையதைப் போல ஐந்தரை மடங்கு. ஒன்றுக்குத் தண்ணீர்த் தொட்டி உயரமாக இருக்க வேண்டும், மற்றதற்குக் குழாய் அகலமாக இருக்க வேண்டும். ஓமை மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது. பக்கத்தில் இருக்கும் டெசிபலையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஜாக்குக்குள் இருக்கும் ஓம் சத்தத்தை மட்டுமல்ல, தொனியையும் மாற்றும். 250 ஓம் என்று எழுதியிருந்தாலும் எல்லா ஸ்வரத்துக்கும் அது 250 இல்லை. தாழ்ந்த ஒலிகளில் எங்கோ ஓரிடத்தில் மேடு கட்டும். அந்த இடத்தில் 350-க்கு ஏறியதாக வைத்துக்கொண்டால், 75 ஓம் ஜாக்கில் அந்த இடம் அரை டெசிபல் சொச்சம் தூக்கலாகக் கேட்கும். பரவாயில்லை, சாப்பாட்டில் உப்பு ஒரு கல் கூடின மாதிரி. ஆனால் காதுக்குள் சொருகும் வகையில், உள்ளே மூன்று நான்கு குட்டி ஸ்பீக்கர்களை அடைத்த சில மாடல்கள் 10 ஓமுக்கும் 50 ஓமுக்கும் நடுவே ஆடும். அதில் 10 டெசிபல் வித்தியாசம் வந்துவிடும். அது வேறு ஹெட்போனே ஆகிவிடும். ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே ஆம்பின் ஓம் இருக்கட்டும் என்று சொல்லும் வழக்குக் கணக்கு இதனால்தான். ஐஇசி 61938 தரம் ஒரு காலத்தில் 120 ஓமை வைத்துக்கொள்ளச் சொன்னது. 250, 600 ஓம் ஹெட்போன்கள் அந்த மாதிரி ஸ்டூடியோ ஜாக்குகளைப் பார்த்து வளர்ந்தவை. அவை தாங்கும், இன்றைய குட்டிகள் தாங்காது.

வாங்கியது இரண்டு பெட்டி. டாக் தனி, ஆம்ப் தனி. ஒரே பெட்டியாக வாங்கியிருக்கலாம். வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. டாக் கம்ப்யூட்டரின் யூஎஸ்பியிலேயே கரண்ட் எடுத்துக்கொண்டு 2 வோல்ட் தருகிறது. ஆம்புக்குத் தனி அடாப்டர். நடுவில் சிவப்பும் வெள்ளையுமாய் ஒரு ஆர்சிஏ கேபிள். ஆம்பின் பின்னாலிருந்து இன்னொரு ஆர்சிஏ கேபிள் மேஜை மேல் இருக்கும் பவர் ஸ்பீக்கர்களுக்கு. மாடல் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. இந்த விலையில் எதை வாங்கினாலும் இதே கதைதான்.

ஆம்பில் பொம்மைச் சுமையை மாட்டினேன். 1.000 வோல்ட், சுமையோடு 0.985. அரை ஓம். ரொம்பத் திருப்தி.

முதல் நாள் செய்த முதல் தப்பு, கெயின் பொத்தானை 'ஹை'யில் வைத்தது. 250 ஓம் ஆயிற்றே! என் ஆம்பில் லோ என்றால் வந்ததை அப்படியே அனுப்பும், ஹை என்றால் நாலரை மடங்கு பெருக்கும். ஹையில் வைத்தால் சினிமாப் பாட்டுக்கு வால்யூம் குமிழ், அதைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொண்டால், எட்டு மணியைத் தாண்ட முடியவில்லை. அங்கே பாடகர் என் இடது தோளில் சாய்ந்துகொண்டு பாடினார். ஹெட்போனை மாற்றிப் போட்டால் வலது தோளுக்குப் போனார். ஆக, என் காதில் கோளாறு இல்லை. மீட்டரை வைத்தேன். எட்டு மணியில் இடது 11 மில்லிவோல்ட், வலது 7. கிட்டத்தட்ட 4 டெசிபல் வித்தியாசம். ஒன்பதில் 42-க்கு 38. பன்னிரண்டில் இரண்டும் ஒன்று. இது பழுது இல்லை. ஒரே தண்டில் இரண்டு கரித் தடங்களை ஓட்டும் எந்தக் குமிழுக்கும் ஆரம்பத்தில் இந்தத் தள்ளாட்டம் உண்டு. மருந்து, குமிழை அந்தப் பக்கமே போகவிடாமல் இருப்பது. லோவுக்கு மாற்றினேன். 2 வோல்ட் அப்படியே வந்தால் 108 டெசிபல் என்று முதலிலேயே கணக்குப் போட்டிருந்தேனே, பிறகு ஏன் ஹையில் வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. லோவில் சினிமாப் பாட்டுக்குப் பத்து, பத்தரை மணி. கச்சேரிக்கு மூன்று, நான்கு மணி. விண்டோஸ் வால்யூம் எப்போதும் நூறு.

குமிழ் நான்கு மணியில் நிற்கும்போதுதான் அந்தத் தம்புரா வந்தது.

துரத்திய வரிசையைச் சொல்கிறேன். யூஎஸ்பியைப் பிடுங்கினேன், நின்றது. உடனே யூஎஸ்பிதான் திருடன் என்று தோன்றும். நான் அரை நாள் அப்படித்தான் நினைத்தேன்; வேறு யூஎஸ்பி துளை, வேறு கேபிள், பின்பக்கம், முன்பக்கம் எல்லாம் பார்த்தேன். மாற்றம் இல்லை. அப்புறம் யூஎஸ்பியை அப்படியே விட்டுவிட்டு, ஸ்பீக்கருக்குப் போகும் ஆர்சிஏவைப் பிடுங்கினேன். அப்போதும் நின்றது! ஸ்பீக்கர் ஆஃப் ஆகித்தான் இருந்தது. ஹெட்போனில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரின் ஒயரைக் கழற்றினால் ஹெட்போனில் இரைச்சல் ஏன் நிற்க வேண்டும்?

இரண்டு முனையில் எதை அறுத்தாலும் நிற்கிறதென்றால், நடுவே ஏதோ ஒன்று இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடுகிறது. கம்ப்யூட்டரிலிருந்து டாக், டாக்கிலிருந்து ஆம்ப், ஆம்பிலிருந்து ஸ்பீக்கர், ஸ்பீக்கரின் மூன்று முள் பிளக் வழியாகத் தரைக்கு. என் பாட்டு போகும் ஒயருக்குள் வேறு யாரோ சவாரி செய்கிறார்கள்.

அன்று மாலை, ஸ்பீக்கரின் ஆர்சிஏ கழன்றே கிடக்க, கேபினெட்டின் பின்புறம் கையை விட்டபோது புறங்கையில் 'சுர்ர்' என்று மெல்லிய நமநமப்பு. பல வீடுகளில் இது பழகிப்போன விஷயம். லேப்டாப்பின் உலோக உடம்பைத் தடவினால் மணலைத் தடவுவது போல இருக்குமே, அதேதான். அந்தச் சாக்கெட்டில் எர்த் இல்லை என்பதற்கு அதைவிட அடையாளம் வேண்டாம். மீட்டரில் பார்த்தேன். ஸ்பீக்கர் சொருகியிருக்கும் சாக்கெட்டில் கரண்ட் வரும் பேஸ் துளைக்கும் எர்த்துக்கும் நடுவே 231 வோல்ட். ஒழுங்கு. கம்ப்யூட்டரும் மானிட்டரும் சொருகியிருக்கும் மேஜைப் பக்கச் சாக்கெட்டில் 80, 65, 90 என்று எண் பேய் பிடித்த மாதிரி ஆடியது. எர்த் ஓட்டையில் உலோகம் இருக்கிறது. அதன் பின்னால் ஒன்றும் இல்லை.

கம்ப்யூட்டர், மானிட்டர் இவற்றின் பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்ட, கரண்ட் வரும் கம்பிகளிலிருந்து உலோக உடம்புக்குச் சின்னச் சின்ன கெபாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். அவற்றின் வழியே துளித் துளியாக ஒழுகுவது எர்த்தில் போய் இறங்க வேண்டும். எர்த் இல்லையென்றால் உடம்பிலேயே தேங்கி நிற்கும். எந்த வழி கிடைத்தாலும் அதில் இறங்கும். நான் புதிதாக வாங்கிய இரண்டு பெட்டியும் சேர்ந்து அதற்கு அழகாக ஒரு படிக்கட்டு கட்டிக் கொடுத்திருந்தன.

ஒழுகுவது துளி என்றாலும் இவ்வளவு சத்தம் வருமா? டாக்குக்கும் ஆம்புக்கும் நடுவில் இருந்த ஆர்சிஏ கேபிளைக் கழற்றிப் பார்த்தேன். புதிது வாங்கச் சோம்பல்பட்டு, எப்போதோ செத்துப்போன டிவிடி பிளேயரோடு வந்ததைப் பரணிலிருந்து எடுத்துப் போட்டிருந்தேன். பிளக்கின் வெளி வளையத்தில் பச்சையாகப் பூத்திருந்தது, கடற்காற்றின் உபயம். வெளிவலையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓம் பார்த்தால் 8. பிளக்கை லேசாகத் திருகினால் 3, மறுபடி 11. நல்ல கேபிளில் இது 0.1-ஐத் தாண்டாது. 1 மில்லியாம்பியர் அந்த 8 ஓம் வழியே நடந்தால் 8 மில்லிவோல்ட் விழும். ஆம்புக்கு அது பாட்டா, ஒழுகலா என்று தெரியாது. பாட்டோடு சேர்த்துப் பெருக்கி அனுப்பிவிடும். 2 வோல்ட் பாட்டுக்கு அது 48 டெசிபல்தான் கீழே. பாட்டே 12 டெசிபல் தாழ்ந்திருந்தால் வித்தியாசம் 36. குமிழ் நான்கு மணியில் வேறு. தம்புரா கேட்காமல் என்ன செய்யும்?

முதலில் செய்தது கேபிள் மாற்றம். புது கேபிள், 0.1 ஓம். இரைச்சல் காணாமலே போய்விட்டது. இங்கேயே நிறுத்தியிருக்கலாம், பலரும் இங்கேயே நிறுத்துவார்கள். ஆனால் ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றினால் புறங்கையில் சுர்ர் அப்படியேதான் இருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஈரக் கையோடு கேபினெட்டைத் தொடப்போவது நான்தான். உள்ளே ஒரு கம்பி உரசி முழுக் கரண்டும் உடம்புக்கு வந்தால், ஃபியூஸைப் போக வைக்க வேண்டிய பச்சை ஒயர் அங்கே இல்லை.

இதற்குக் குறுக்கு வழியாகச் சிலர் சொல்வது எதிர்மாறானது: ஸ்பீக்கரின் எர்த் முள்ளை எடுத்துவிடு, ஒழுகல் ஓடும் வட்டம் அறுந்துவிடும், ஹம் நின்றுவிடும். நிற்கும்தான். இருந்த ஒரே நல்ல எர்த்தும் போய், மேஜையில் உள்ள அத்தனை உலோகமும் அந்தரத்தில் தொங்கும். இதைச் செய்யவே கூடாது. வட்டத்தை அறுத்தே ஆக வேண்டும் என்றால் டாக்கில் ஆப்டிகல் துளை இருக்கிறதா என்று பார்க்கலாம். ஒளி போகும் இழையில் கரண்ட் போகாது. என் டாக்கில் அது இல்லை.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். சுவிட்ச் பெட்டியைக் கழற்றி டார்ச் அடித்தவர் சிரித்தார். "எர்த் ஒயர் இருக்கு சார். ஆனா மாட்டல." குழாய்க்குள்ளிருந்து பச்சை ஒயர் வந்து, நுனியில் இன்சுலேஷன் டேப் சுற்றி, பெட்டியின் மூலையில் பாம்புக்குட்டி மாதிரி சுருண்டு கிடந்தது. யாரோ சுவிட்ச் மாற்றும்போது அவசரத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"எத்தனை வருஷமா இப்படி இருக்கும் அண்ணே?"

"டேப்பப் பாத்தா தெரியலயா, பத்து வருஷம் இருக்கும்."

மெயினை அணைத்து, தோலைச் சீவி, ஸ்குரூவில் முறுக்க அவருக்கு ஏழு நிமிடம். கூடவே கீழே எர்த் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். மறுபடி அளந்தால் 230. புறங்கையில் ஒன்றும் இல்லை. கேபினெட்டைத் தடவினால் அது வெறும் தகரம். அத்தோடு கம்ப்யூட்டர், மானிட்டர், ஆம்ப், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கு மாற்றிவிட்டேன். எல்லாம் ஒரே இடத்தில் எர்த்தைத் தொட்டால் ஒன்றுக்கொன்று சண்டை குறைவு. இவ்வளவுக்கும் மொத்தச் சாதனங்களும் சேர்ந்து ஒரு மிக்ஸி இழுக்கும் அளவுதான், பெட்டி தாங்கும்.

பழைய கேபிளையும் ஒரு முறை மாட்டிப் பார்த்தேன், கணக்கு சரியா என்று. எர்த் சரியானபின் அந்தப் பச்சை பூத்த கேபிளிலும் தம்புரா இல்லை. குமிழை முழுக்கத் திருகி, மூச்சைப் பிடித்தால் எங்கோ தூரத்தில் ஒரு ஸா. அதைக் குப்பையில் போட்டேன். மனைவி நம்பவில்லை, பரணைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

மீதி எல்லாம் சமையல். டிடி 990-க்கு 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூர்மை உண்டு. ஜால்ரா தட்டும்போது காதுக்குள் ஊசி. பாடகரின் 'ச' எல்லாம் 'ஸ்ஸ' ஆகிவிடும். ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளில் அந்த இடத்தில் 5 டெசிபல் குறைத்தேன். குறைப்பது மட்டும் என்றால் வேறெதையும் தொட வேண்டாம். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக்குக் கொஞ்சம் பாரம் வேண்டும் என்று 60 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் ஏற்றினேன். ஏற்றினால் மொத்த அளவை அதே 3 டெசிபல் இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் உச்சங்கள் தலை இடித்து நொறுங்கும். இந்த இரண்டு கோடு, நான் வாங்கிய இரண்டு பெட்டியையும்விட அதிகமாக ஒலியை மாற்றியது. பெட்டி வாங்கியது வீண் என்று அர்த்தமில்லை. ஏற்றவும் இறக்கவும் இடம் இருக்கிறதே, அது ஆம்ப் கொடுத்தது.

விண்டோஸில் 44.1-ஆ 48-ஆ என்ற சண்டைக்கு நான் வரவில்லை. சிடியிலிருந்து வந்த பாட்டுகள் 44.1, யூடியூபின் ஓபஸ் ஒலி 48. எதில் வைத்தாலும் இன்னொன்றை அது மாற்றித்தான் ஓட்டும். மாற்றி மாற்றிக் கேட்டேன், எனக்குப் பிடிபடவில்லை. 48-இல் விட்டுவிட்டேன்.

காது மெத்தை மட்டும் சென்னைக்கு ஆகாது. ஏப்ரலில் இரண்டு மணி நேரம் போட்டால் வெல்வெட் வேர்வையை அப்படியே குடிக்கும். கழற்றி, சீயக்காய் போடாத வெறும் வெந்நீரில் அலசி, நிழலில் ஒரு நாள் காயவைத்தால் புதிது போல் ஆகிறது. திரும்ப மாட்டுவதற்குத்தான் பொறுமை வேண்டும். ஒரு பக்கம் கோத்தால் மறுபக்கம் நழுவும், தலையணைக்கு உறை போடுவது மாதிரி.

போன ஞாயிறு நண்பன் அந்தப் பிளேனரோடு வந்தான். என் ஆம்பில், லோ கெயினில், குமிழ் பதினொன்றில் வைத்துக் கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் பேசவில்லை. பிறகு, "இதே பாட்டு என் லேப்டாப்ல ஏன்டா சூம்பிப்போய் கேக்குது?" என்றான். டிராயரிலிருந்து பொம்மைச் சுமையை எடுத்து, எந்த வரிசையில் அளக்க வேண்டும் என்று ஒரு பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தேன். மீட்டரையும் கேட்டான். கொடுத்தேன். இரவு பதினோரு மணிக்கு ஒரு படம் அனுப்பினான்: லேப்டாப் ஜாக்கில் மீட்டர், பக்கத்தில் கால்குலேட்டரில் 31. கீழே ஒரு வரி: "லேப்டாப்பத் தொட்டா கை சுருசுருங்குது. உன் எலக்ட்ரீஷியன் நம்பர் குடு."